மாவு போன இடம்

என் வயதுக்காரர்கள் நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் சின்ன வயதில் தின்றதில் வந்துதான் நிற்கும். ஒருவர் பள்ளிக்கூடத்துக் கோதுமைச் சோற்றைச் சொல்வார். இன்னொருவர் சத்துணவில் முதன்முதலாக முட்டை போட்ட நாளைச் சொல்வார். நான் டீயை ஆற்றிக்கொண்டே இருப்பேன். எனக்கு நாலு பேருக்கு நடுவில் பேச வராது. எழுத வரும் என்றும் சொல்ல முடியாது, ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அது ஒரு வசதி. அதனால் மாவு டீச்சர் விஷயத்தை உங்களுக்கு எழுதியே சொல்லிவிடுகிறேன். அதில் நான் செய்த வேலை ஒன்று இருக்கிறது.

எங்கள் ஊர் தாயில்பட்டிக்கு நடந்து போகிற தூரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு வெடிக் கம்பெனி தெரியும். சீசன் தொடங்கிவிட்டால் அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விடுவார், தீபாவளி கழித்துதான் முகத்தைப் பார்க்கலாம். அம்மா பகலில் கம்பெனிக்குப் போவாள், சாயங்காலம் வீட்டில் குழாய் சுருட்டுவாள். குழாய் என்பது வெடியின் வெறும் உடம்பு. பழைய செய்தித்தாளைத் துண்டாக்கி, கம்பியில் சுற்றி, ஓரத்தில் பசை தடவி உருவினால் ஒரு குழாய். மருந்து அடைப்பதெல்லாம் கம்பெனியில். வீட்டுக்குள் பேப்பரும் பசையும் மட்டும்தான் வரும்.

பசை கிண்டுவது என் வேலை. அப்போது மூன்றாம் வகுப்பு படித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுப்பைப் பற்ற வைத்து, மாவைக் கரைத்து ஊற்றி, கட்டி விழாமல் கிண்டி இறக்கிவிட வேண்டும். மாவை லோடு அண்ணாச்சி கொடுப்பார். அவர்தான் கம்பெனியிலிருந்து பேப்பர் கொண்டுவந்து போட்டுவிட்டு, சனிக்கிழமை வந்து குழாயை எடுத்துப் போகிறவர். அவர் கொடுக்கும் மைதாவில் மயில்துத்தம் கலந்திருக்கும். பசை லேசான நீல நிறத்தில் வரும், வாயில் வைத்தால் கசக்கும். அந்தக் கசப்புக்கு எறும்பும் அண்டாது, பிள்ளைகளும் அண்டாது.

அந்த வருடம்தான் அரசாங்கம் எங்கள் ஊருக்கு மாவு டீச்சரை அனுப்பியது. பள்ளிக்கூடத்தில் ஓட்டை பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து அவருக்குக் கொடுத்தார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மாதம் ஒரு தடவை எடை போடுவார். கோதுமை, பயறு, வெல்லம் எல்லாம் வறுத்து அரைத்த சத்துமாவை வாரம் ஒரு தடவை வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். தண்ணீர் தெளித்து உருண்டை பிடித்துப் பிள்ளைக்கு ஊட்ட வேண்டும். டீச்சர் சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். காற்றடித்தால் குடை அவரை இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவு ஒல்லி.

“ஊருக்கே சத்து குடுக்க வந்திருக்காகளாம். இவகளுக்கு யாரு குடுக்குறது?” என்று முதல் நாளே கேட்டாள் அத்தை. அத்தை என் அப்பாவின் தங்கச்சி, பக்கத்து வீடு. மெதுவாகப் பேசவே தெரியாது. டீச்சருக்கு அது நன்றாகக் கேட்டிருக்கும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை. எடை சிவப்பில் விழுந்தால் மாவு இரண்டு பங்கு. மஞ்சளில் ஒரு பங்கு. பச்சைக்கு ஏறிவிட்டால் பிள்ளை தேறிவிட்டது என்று அர்த்தம், மாவு நின்றுவிடும். மதராஸில் படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்துப் போட்ட விதி. தேற வேண்டிய பிள்ளைக்குக் கொடு, தேறியதும் நிறுத்தி அடுத்த பிள்ளைக்குக் கொடு. இன்றைக்கு யோசித்தாலும் அதில் குறை சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் அதை ஒரே நாளில் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். பிள்ளை தேறினால் மாவு போச்சு.

அதனால் எடை போடுகிற நாள் ஊருக்குப் பெரிய வேடிக்கை. பள்ளிக்கூடத்து வேப்பமரக் கிளையில் கடிகாரம் போல வட்டமாக ஒரு தராசு தொங்கும். அதன் கொக்கியில் துணித் தூளியை மாட்டி அதற்குள் பிள்ளையை உட்கார வைப்பார்கள். பிள்ளை சுழன்றுகொண்டே அழும். அம்மாக்கள் வரும்போதே பிள்ளையின் அரைஞாண் கயிறு, கொலுசு, வளையல் எல்லாவற்றையும் கழற்றி மடியில் முடிந்துகொள்வார்கள். டீச்சர் எதிர்க் கட்சி. அவருக்கு முள் ஏற வேண்டும்.

“ஒரு டம்ளர் தண்ணியாவது குடுத்துட்டுத் தூக்கி வாங்கம்மா” என்று கெஞ்சிக்கொண்டு செம்பும் டம்ளருமாக நிற்பார்.

அத்தை மகனுக்கு இரண்டரை வயது. டீச்சர் கொடுத்த தண்ணீரை அவன் மடமடவென்று குடிப்பான். உடனே அத்தை அவனை மரத்துக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு ஓடி, “பெய்யிடா ராசா, பெய்யி” என்று சீட்டியடித்துக்கொண்டே நிற்பாள். அவன் இரக்கப்பட்டுப் பெய்வான். டீச்சர் திரும்பவும் தண்ணீர் கொடுப்பார். ஒரு மாதம் இப்படி மூன்று நடை நடந்தது. கடைசியில் அவன் டீச்சர் சேலையிலேயே பெய்துவிட்டு, சிவப்புப் பட்டையில் பத்திரமாக நின்றான்.

என் தங்கச்சிக்கு அப்போது ஒன்றரை வயது. மணல்வாரி அம்மை கண்டு எழுந்ததில் கை கால் எல்லாம் குச்சியாகிவிட்டது. அவள் யாரும் தண்ணீர் கொடுக்காமல், யாரும் மரத்துக்குப் பின்னால் தூக்கிப் போகாமல், தானாகவே சிவப்பில் இருந்தாள். இரண்டு பங்கு மாவு. அம்மா அதை மூடி இறுகின ஒரு பழைய பால்பவுடர் டின்னில் போட்டு வைத்திருந்தாள். நான் அந்த மூடியைத் திறப்பதே மணத்துக்காகத்தான். வெல்லமும் வறுத்த பயறும் சேர்ந்து ஒரு மணம். எனக்கு எட்டு வயது, மாவுக்கு உரிய வயதைத் தாண்டி ஐந்து வருடம் ஆகியிருந்தது.

இனி என் வேலைக்கு வருகிறேன்.

சீசன் உச்சத்தில் கம்பெனிக்கு ஆர்டர் குவிந்துவிட்டது. அண்ணாச்சி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பேப்பரைப் போட்டார். மாவு பழைய அளவுதான். “இந்த வாரம் மாவு தட்டுப்பாடு தாயி, வீட்டுல இருக்கறத வச்சுச் சமாளிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துவிட்டார். புதன்கிழமையே மாவு தீர்ந்தது. அம்மா கம்பெனிக்குக் கிளம்பும்போது, “சாயங்காலம் அத்தை வீட்டுல ஒரு கிண்ணம் பசை மாவு கைமாத்தா வாங்கிக் கிண்டி வைலே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிண்ணத்தோடு அத்தை வாசலில் போய் நின்றேன். உள்ளே அத்தை யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அவள் குரல் அடங்கியதும் கூப்பிடலாம் என்று காத்திருந்தேன். அத்தை குரல் அடங்குவதற்குக் காத்திருந்தவர்கள் யாரும் ஜெயித்ததில்லை. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, “என்னலே, கிண்ணத்த வச்சுக்கிட்டு சாமி கும்பிடுதியா?” என்றாள். நான் “ஒண்ணுமில்லத்தே” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கேட்க வாய் வரவில்லை. காரணம் அவ்வளவுதான். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கூச்சம்தான் வித்து.

அடுப்பு எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது, மாவு இல்லை. பால்பவுடர் டின் மட்டும் எதிரே இருக்கிறது. ஒரு கிண்ணம் எடுத்துக் கரைத்து ஊற்றினேன்.

அம்மா வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். “என்னலே, பசை பாயசம் மாதிரி மணக்கு?”

நான் தரையைப் பார்த்தேன். அவள் டின்னைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை ஓங்கினாள். ஓங்கின கையோடு, மறு கையால் நான் சுருட்டிப் பார்த்திருந்த ஒரு குழாயை எடுத்தாள். அமுக்கினாள். நகத்தால் நெம்பினாள். அது பிரியவில்லை. வெல்லம் சேர்ந்ததாலோ என்னவோ, கம்பு மாதிரி விறைத்து நின்றது. அம்மா கை மெல்ல இறங்கியது.

“இன்னைக்கு மட்டுந்தாம்லே” என்றாள்.

அந்த ‘இன்னைக்கு’ வாரக்கணக்கில் நீண்டது. பாதி மாவு தங்கச்சிக்கு, பாதி பசைக்கு என்று தொடங்கி, ஆர்டர் ஏற ஏற முழுவதும் பசைக்கே போனது. தங்கச்சி எங்கள் கஞ்சியில் பங்கு வாங்கிக்கொண்டாள். மணம் சுவர் தாண்டிப் போனதில் மூன்றாம் நாள் அத்தை வந்தாள். குழாயை எடுத்து நெம்பிப் பார்த்தாள். “அடி மதினி! இம்புட்டு நாளா சொல்லலையே!” என்றாள். அத்தைக்குத் தெரிந்தது பம்பு செட்டுக்கும் தெரியும், ரேஷன் கடைக்கும் தெரியும். வாரம் முடிவதற்குள் குழாய் சுருட்டுகிற வீடு அத்தனையிலும் பசை பாயசம் மாதிரி மணந்தது. இருக்கன்குடி ஆத்தாளுக்கு இந்த மாவிலேயே மாவிளக்குப் போட்டுவிடலாமா என்றுகூட அத்தை கேட்டாள். அம்மாதான், “ஆத்தா அட்டை கேப்பா” என்று தடுத்துவிட்டாள்.

முதலில் கண்டுபிடித்தது எறும்பு.

சனிக்கிழமை எடுத்துப் போன குழாயைச் செவ்வாய்க்கிழமையே அண்ணாச்சி திருப்பிக் கொண்டுவந்தார். சைக்கிளிலிருந்து இறங்கி, சாக்கைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு முழங்காலையும் மாறி மாறிச் சொறிந்தார்.

“தாயி, நான் வெடிக்குக் குழாய் கேட்டேன். நீங்க எறும்புக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கீக.”

சாக்கை உதறினார். சிவப்பு எறும்பு கொத்துக் கொத்தாக விழுந்தது. குழாயெல்லாம் ஓரத்தில் அரித்து, சல்லடைக் கண்ணாக இருந்தது.

“இத வடக்க அனுப்புனா என்ன ஆகும்? தீபாவளிக்குத் திரியக் கொளுத்துனா வெடிக்கு முன்னாடி எறும்புல்ல வெளியேறும்?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் எறும்பைப் பார்த்தேன். அத்தை மட்டும் கலங்காமல், “பய வெல்லத்தத் தின்னுட்டுக் கைய கழுவாம பேப்பரத் தொட்டிருப்பான் அண்ணாச்சி” என்று ஊர்ப் பழி முழுவதையும் என் கையில் துடைத்தாள். அண்ணாச்சி இனிமேல் துத்தம் கலந்த மாவைத் தட்டுப்பாடு இல்லாமல் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அரசாங்க மாவு வருகிற வரைக்கும் யாருக்கும் அதை விட மனம் வரவில்லை.

இதற்கு நடுவில் எங்கள் வீட்டில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. மற்ற வீடுகளில் ஈரக் குழாயை ஆட்டுக்குப் பயந்து கட்டில் மேல் காய வைப்பார்கள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே கட்டிலுக்குக் கால் ஒடிந்துவிட்டது. அதனால் தரையில்தான் பரப்புவோம். தங்கச்சி அதற்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். கை எட்டுகிற குழாயை எடுத்துச் சப்புவாள், பேப்பர் ஊறிப் பிரிந்ததும் உள்ளே இருக்கிற பசையை நக்குவாள், அடுத்ததை எடுப்பாள். நாள் முழுவதும் இதே வேலை. வாயைச் சுற்றி அச்சு மை. சமயத்தில் பேப்பரும் உள்ளே போய்விடும். காலையில் கழுவிவிடும்போது அம்மா, “ஏலே, இங்க வா, இதுல என்ன போட்டிருக்குன்னு வாசி” என்பாள். ஒரு தடவை ‘மழை’ என்று இருந்தது. அன்றைக்கு மழை பெய்யவில்லை. பின்னாளில் அவள் காலேஜ் வரைக்கும் படித்தாள், நான் ஐந்தோடு நின்றேன். அத்தை அதற்குச் சொன்ன காரணம் இதுதான்.

அப்புறம் ஜீப் வந்தது.

ஜீப்பில் வந்த பெரிய ஆபீசர் அம்மாளை ஊர் அப்போதே ஜீப்பம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. கண்ணாடி, கைக்கடிகாரம், சிரிக்காத முகம். விஷயம் இதுதான். மூன்று மாதமாக மாவு வருகிறது, ஒரு பிள்ளைக்கும் எடை ஏறவில்லை. இந்தத் தடவையும் ஏறாவிட்டால் மாவு மையத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள், டீச்சரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இது டீச்சருக்குத் தெரியும். அன்றைக்கு அவர் யாருக்கும் தண்ணீர் கொடுக்கவில்லை. கைகளைக் கோத்துக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் நின்றார்.

ஒவ்வொரு பிள்ளையாக ஏறி, சுழன்று, அழுது இறங்கியது. எல்லாம் பழைய எடை. அத்தை மகன் கால் கிலோ குறைந்திருந்தான். கடைசியாகத் தங்கச்சியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு அவளை இடுப்பில் வைத்து இடுப்பு வலி கண்டிருந்தது. அந்த வலிக்குக் காரணம் என்னவென்று அதுவரை எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. தூளியில் வைத்ததும் வேப்பங்கிளை வளைந்தது. முள் காட்டியதை டீச்சர் அட்டையில் குறித்தால், புள்ளி சிவப்பைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, பச்சையில் போய் விழுந்தது. அவள் அழவும் இல்லை. கையில் ஒரு குழாய் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

ஜீப்பம்மாவுக்கு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. “இந்தக் குழந்தைக்கு என்னம்மா கொடுக்கிறீங்க?”

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “வேற என்ன, டீச்சரம்மா குடுக்குற மாவுதான்!”

சொல்லி முடிக்கவில்லை, சிரிப்பு போய்விட்டது. ஜீப்பம்மா டீச்சர் பக்கம் திரும்பினார். “அதே மாவுதானே எல்லா வீட்டுக்கும்? ஒரு வீட்டுக்கு மட்டும் ஒழுங்கா போகுது. மத்த வீட்டுப் பங்கு எங்கே போகுது?”

அம்மா டீச்சரைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கவிழ்த்துவிட்டாள். டீச்சர் அறையைத் திறந்து காட்டினார். மூட்டைகள் சரியாகத்தான் இருந்தன. அது இன்னும் மோசமாகப் போனது.

“மூட்டையிலிருந்து வெளியே போயிருக்கு. பிள்ளைங்க உடம்புக்கு வந்து சேரலை. நடுவில் இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். சொல்லுங்க.”

டீச்சர் எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ‘நான் கொடுத்தேனா இல்லையா, சொல்லுங்கம்மா’ என்று கேட்கிற பார்வை. எல்லாரும் பிள்ளையின் தலையில் பேன் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினார்கள். சொன்னால் மாவு நின்றுவிடும், அண்ணாச்சிக்கும் எறும்பு வந்த வழி தெரிந்துவிடும். அத்தையே பேசாமல் இருந்தாள். அத்தை பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அம்மா மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடினாள். டீச்சர் குடையை எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டார், அழுகையை அடக்குகிறவர்கள் எதையாவது பிடித்துக்கொள்வதைப் போல.

எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. பசை மாதிரியே. இருந்தாலும் எப்படியோ வாய் திறந்துவிட்டது.

“டீச்சர் எடுக்கல. மாவு வெடிக்குள்ள இருக்கு.”

“என்னது?” என்றார் ஜீப்பம்மா.

இரண்டாவது தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. தங்கச்சி வாயிலிருந்து குழாயைப் பிடுங்கி நீட்டினேன். அவள் போட்ட கூச்சலில் ஜீப் டிரைவர் இறங்கி ஓடிவந்தார். ஜீப்பம்மா குழாயைப் பிரித்தார். செய்தித்தாள். ஓரத்தில் பழுப்பாகப் பசை. முகர்ந்து பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். ஒரு எறும்பு அவர் மணிக்கட்டில் ஏறி, கைக்கடிகாரத்தைச் சுற்றி வந்தது.

இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் அத்தைக்குக் குரல் வந்துவிட்டது. “நல்லா ஒட்டுதும்மா. கம்பெனி மாவுகூட இம்புட்டு ஒட்டாது. நாந்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்.”

ஜீப்பம்மா எறும்பைத் தட்டிவிட்டார். கையிலிருந்த நீளமான தாளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு டீச்சரிடம், கொஞ்சம் தாழ்ந்த குரலில், “இதை எந்தக் கட்டத்தில்மா எழுதுறது?” என்று கேட்டார். டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். அந்தச் சத்தத்துக்குத்தான் பெண்கள் எல்லாரும் பேன் பார்ப்பதை நிறுத்தித் தலை நிமிர்ந்தார்கள். அம்மா போய் டீச்சர் கையிலிருந்த குடையை மெல்ல வாங்கி மரத்தில் சாய்த்து வைத்தாள். மன்னிப்பு என்று வாயால் கேட்கத் தெரியாத ஊர். அவ்வளவுதான் முடிந்தது.

மையத்தை மாற்றவில்லை. புது விதி ஒன்று வந்தது. இனி மாவு வீட்டுக்குக் கிடையாது. பிள்ளையை மையத்துக்குத் தூக்கி வர வேண்டும். உருண்டையை டீச்சர் கண் முன்னாலேயே தின்று, வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். பெண்கள் முணுமுணுத்தார்கள். அண்ணாச்சி வஞ்சனை இல்லாமல் துத்த மாவு கொடுத்தார். இரண்டு மாதத்தில் அத்தை மகன் மஞ்சளுக்கு ஏறினான். “டீச்சரு புள்ளைய கெடுத்துட்டாக” என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பசை மாவைக் கண்டுபிடித்த பெருமையையும் கடைசி வரைக்கும் அவளே வைத்துக்கொண்டாள். அம்மா அவளை மறுக்கவும் இல்லை, என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது டீச்சர் என்னைக் கூப்பிட்டார். அறையில் வேறு யாரும் இல்லை. பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம்.

“உனக்கு வயசு தாண்டிருச்சு. இருந்தாலும் ஒண்ணு தாரேன், உக்காரு” என்று ஒரு உருண்டையை என் கையில் வைத்தார். அவர் கை கொள்கிற அளவுக்குப் பிடித்திருந்தார். சீசன் முழுவதும் பசைச் சட்டியை வழித்துத் தின்றதில் எனக்கு அந்த மாவு குமட்டத் தொடங்கியிருந்தது. அதைச் சொல்ல முடியுமா?

எதிரே உட்கார்ந்துகொண்டு கேட்டார். “உங்க அத்தை சொல்றது இருக்கட்டும். இந்த மாவுல முதமுதல்ல பசை கிண்டுனது யாருப்பா?”

அவ்வளவு பெரிய உருண்டையை ஒரே வாயில் திணித்துக்கொண்டேன். கன்னம் இரண்டும் உப்பிவிட்டது. வாய் நிறைய இருப்பவனிடம் யாரும் பதில் எதிர்பார்க்க முடியாது அல்லவா.

டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். “மெல்லத் தின்னு. முழுங்கிட்டுச் சொல்லு. விதிப்படி நான் இங்கேயேதான் இருக்கணும்” என்றார்.

மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். விலக்கில் பஸ் ஹாரன் அடித்தது. டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு, என் உப்பின கன்னத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அவர் எங்கள் ஊருக்கு வந்தார், நானும் எதிரே பார்த்துக் கும்பிட்டிருக்கிறேன். அவர் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த உருண்டையை இப்போதுதான் முழுங்கி முடித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.